மறுபடி நிறுவும் முன் பாதையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸில் புது மென்பொருளை நிறுவியதும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கணினிப் பக்கங்களில் இந்த யோசனையை முதலில் தராதீர்கள் என்று வேண்டுகிறேன். பெரும்பாலும் மென்பொருள் வட்டில் பத்திரமாகவே இருக்கிறது. நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல்தான் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது.

பாத் (PATH) என்ற மாறியில் முக்காற்புள்ளியிட்டுப் பிரித்த அடைவுகளை (ஃபோல்டர்களை) ஷெல் இடமிருந்து வலமாகத் தேடும். 'எக்கோ $பாத்' அடித்தால் பட்டியல் தெரியும். புது அடைவு அதில் இல்லையென்றால், பாஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் சேர்க்கலாம். பலரும் சறுக்குவது இங்கேதான். புது அடைவை எழுதிவிட்டு அதன் பின்னால் :$பாத் சேர்க்க மறந்தால், பழைய பட்டியல் மொத்தமும் போய்விடும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், நிர்வாகி அதிகாரத்தில் கட்டளையை ஓட்டும் சூடோ எதுவும் ஓடாது. அடைவு மாற்றும் சிடி, எக்ஸ்போர்ட் போன்றவை மட்டும் ஓடும், அவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. அப்போதும் பதற வேண்டாம். 'எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்' என்று கொடுத்தால் அந்த ஷெல் மீண்டுவிடும். பிறகு கோப்பைத் திருத்துங்கள்.

புதியதை நிறுவியும் பழைய பதிப்பே ஓடுகிறதா? 'டைப் -ஏ' போட்டு அந்தப் பெயரில் எத்தனை நிரல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். முன்பு கண்டுபிடித்த இடத்தை பாஷ் நினைவில் வைத்திருக்கும். 'ஹாஷ் -ஆர்' அதை அழிக்கும். சூடோ போடும்போது மட்டும் நிரல் கிடைக்கவில்லை என்றால் சூடோ தேட வேண்டிய அடைவுகளைச் சொல்லும், சூடோயர்ஸ் கோப்பின் செக்யூர்_பாத் வரிதான் காரணமாக இருக்கும்.

மவுண்ட் கோளாறு, அதாவது வட்டின் ஒரு பகுதியை ஓர் அடைவில் இணைப்பதில் வரும் கோளாறு, இன்னும் ஏமாற்றும். /ஆப்ட் அடைவில் நிறுவிய பிறகு அதே இடத்தில் வேறொரு வட்டுப் பகிர்வு மவுண்ட் ஆனால், நிறுவியது கண்ணுக்குத் தெரியாது. அழியவில்லை, மறைந்திருக்கிறது; அன்மவுண்ட் செய்தால் திரும்பிவிடும். 'ஃபைண்ட்மவுண்ட் --டார்கெட் /ஆப்ட்' (findmnt என்று அடிக்க வேண்டும்) உண்மையைச் சொல்லும். அதன் வெளியீட்டில் நோஎக்ஸெக் இருந்தால் அங்கிருக்கும் நிரலை நேரடியாக இயக்க முடியாது. இயக்க அனுமதி தரும் சிஎச்மோட் எத்தனை முறை போட்டாலும் 'பெர்மிஷன் டினைட்'தான்.

எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பைத் தொட்டால் மறுதொடக்கத்துக்கு முன் 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை', அடுத்து 'மவுண்ட் -ஏ' இரண்டையும் கட்டாயம் ஓட்டுங்கள். /டெவ்/எஸ்டிபி1 போன்ற வட்டுப் பெயர்கள் மாறக்கூடும், ஆகவே பகிர்வின் தனி அடையாள எண்ணான யூயூஐடி எழுதுங்கள். கழற்றக்கூடிய வட்டின் வரியில் நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், வட்டு இல்லாத நாளில் கணினியைத் தொடக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, பழுது பார்க்க மட்டுமான எமர்ஜென்சி மோடில் நிற்கும். அங்கே மூல அடைவு படிக்க மட்டுமே திறந்திருந்தால், 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்த பிறகே கோப்பைத் திருத்த முடியும்.

இப்படிக்கு,
லினக்ஸ் நிர்வாகி ஒருவர்