முடிந்த பில் மறுபடி வருகிறது

மக்கா,

அம்மைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வடசேரி வீட்டில்தான் இருக்கிறாள், உன்னைக் கேட்டாள். கட்டையன் கல்யாணத்துக்கு நீ வராத கதையை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது வேறு விஷயம், இதை உன்னிடம் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தோவாளையில் பூக்கடை அண்ணாச்சிக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது. யாரோ எழுதியது, மொழி சி ஷார்ப், திரையில் விண்டோக்களைக் காட்ட டபிள்யூபிஎஃப், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பிச்சிக்கு விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை. விலையை மாற்றினால், திறந்திருக்கும் பில் விண்டோ புது விலையில் சீட்டை அடித்துக் கணக்கிலும் ஏற்றும். ஆனால் விடியும்முன் பணத்தைக் கட்டிவிட்டுப் போனவரின் பில்லும் புது விலையில் மறுபடி வருகிறது, மக்கா! ஓணச் சமயத்தில் கேரளாவுக்கு லோடு ஏறும்போது இப்படி வந்தால் அந்த வியாபாரி அண்ணாச்சியை எப்படி நம்புவார்?

எல்லோரும் பிரிண்டர் டிரைவரைக் குறை சொன்னார்கள். விலை மாறியதும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லும் அறிவிப்புதான் ஈவென்ட்; நான் அதன் கெட்இன்வொகேஷன்லிஸ்ட்டை, அதாவது கேட்பவர்களின் பட்டியலை, எடுத்து அதன் நீளத்தை லாகில் எழுத வைத்தேன். பில் விண்டோவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒன்று கூடியது, குறையவே இல்லை. விண்டோ திரையில் இல்லை, ஆனால் ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கிறது. ஈவென்ட் ஸ்டாட்டிக், சாஃப்ட்வேர் ஓடும்வரை இருக்கும்; அதிலிருக்கும் டெலிகேட், அதாவது யாருடைய எந்த மெத்தடைக் கூப்பிடுவது என்ற குறிப்பு, விண்டோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அப்புறம் வேண்டாத ஆப்ஜெக்ட்டை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் அதை எப்படித் தொடும்?

கேட்கும் ஆப்ஜெக்ட்டைப் பிடித்து வைக்காத வீக்ஈவென்ட்மேனேஜரைப் போடு, 2012-இல் வந்த டாட்நெட் 4.5-லேயே எந்த ஈவென்ட்டுக்கும் பொருந்தும் அதன் ஜெனரிக் வடிவம் இருக்கிறதே என்றான் கட்டையன். இதில்தான் எனக்குக் கோபம். மெமரி மிச்சமாகும், சரி. ஆனால் கலெக்டர் எப்போது ஓடும் என்று நாம் சொல்ல முடியாது, ஓடும்வரை மூடிய விண்டோ விலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும், பில் அடித்துக்கொண்டே இருக்கும். இது அண்ணாச்சியின் காசு! விண்டோ மூடும் இடத்திலேயே மைனஸ் ஈக்வல் (-=) போட்டு ஈவென்ட்டிலிருந்து கழற்றத்தான் வேண்டும். எழுதியவர் லாம்டாவாக, அதாவது பெயரில்லாத மெத்தடாக, மாட்டியிருந்தார்; அதே லாம்டாவை மறுபடி எழுதிக் கழற்றப் போனால் அது வேறு டெலிகேட், பழையது அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் பெயருள்ள மெத்தடாக மாற்றினேன், நீளம் இப்போது சரியாக இறங்குகிறது.

நீ சி பிளஸ் பிளஸில் கியூட்டி லைப்ரரியை வைத்து எழுதுகிறவன், அதன் ஆப்ஜெக்ட்டான கியூஆப்ஜெக்ட் அழிந்தால் கனெக்ஷன் தானே கழன்றுவிடும் என்று பெருமை பேசுவாய். கனெக்ட்டின் மூன்றாவது ஆர்குமெண்டாக, எது அழிந்தால் கழற்றுவது என்று சொல்லும் கான்டெக்ஸ்ட்டைக் கொடுக்காமல் லாம்டாவை மாட்டினால் அந்தப் பெருமை எங்கே போகும்? அனுப்புகிற ஆப்ஜெக்ட் இருக்கும்வரை அது ஓடும், உள்ளே பிடித்த திஸ், அதாவது லாம்டாவை மாட்டிய ஆப்ஜெக்ட், செத்திருந்தால் பெரும்பாலும் கிராஷ். ஆனாலும் உன்னுடையது விழுந்தாவது காட்டிக்கொடுக்கும், என்னுடையது ஒரு எர்ரர்கூட இல்லாமல் கணக்கைக் கெடுக்கிறது, எனக்குப் பயமே அதுதான்.

கியூட்டி கோடில் தப்பைத் தேடும் கிளேசியில், இப்படி மாட்டிய லாம்டாவைப் பிடிக்கக் கனெக்ட் த்ரீ ஆர்க் லாம்டா என்று ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கோடில் அதை ஓட்டிப் பார்த்து என்ன வந்தது என்று எழுது, போனையும் எடு.