அடுத்த வசனத்தையும் ஓது, தம்பி

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம், அல்ஹம்துலில்லாஹ். அத்தாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பெற்றோருக்காக அல்லாஹ்விடம் வேண்டுகிற துஆவைப் பற்றி, "ரப்பிர்ஹம்ஹுமா ஓத வாய் வரமாட்டேங்குதும்மா, அத்தா மேல இருக்கிற கோபம் போக ஒரு துஆ சொல்லும்மா" என்று அனுப்பியிருந்தாய். அதற்குப் போனில் நாலு வரி தட்டிவிட மனசு வரவில்லை.

அத்தா செய்தது சரி என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். முடித்த கையோடு உன்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். சின்னவனை மட்டும் யூனிவர்சிட்டிக்கு அனுப்பினார். அப்போது கடைக்கு ஆள் இல்லைதான். ஆனாலும் போனது உன் படிப்பு. நீ கோலாலம்பூருக்குக் கிளம்பிப் போனதிலும் எனக்கு ஆச்சரியமில்லை.

பிள்ளைகளை அடக்க வேண்டும் என்றால் நம் ஆட்கள் உடனே எடுப்பது குர்ஆனில் பனீ இஸ்ராயீல் சூராவின் 23ஆம் வசனத்தை. பெற்றோரைச் "சீ" என்றுகூடச் சொல்லாதே. 24இல் நீ ஓத முடியவில்லை என்கிற அந்த துஆ வருகிறது: சிறு வயதில் என்னை வளர்த்ததுபோல் இவர்களுக்கு ரஹ்மத் செய், இரக்கம் காட்டு, என் இறைவனாகிய ரப்பே. அதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். கல்யாண வீட்டில், மவுத்து வீட்டில், எங்கே கேட்டாலும் அவ்வளவுதான். நீ 25ஐயும் ஓது. உங்கள் உள்ளங்களில் இருப்பதை உங்கள் ரப்பு நன்றாக அறிவான். நீங்கள் நல்லவர்களாக இருந்தால், தன் பக்கம் திரும்பி வருகிறவர்களை அவன் மன்னிக்கிறவன்.

பெற்றோரிடம் வாய் தவறிவிட்ட பிள்ளை, மனசில் கெட்ட எண்ணம் இல்லாதவன், அவனைப் பற்றித்தான் இந்த வசனம் என்று அந்தக் கால ஆலிம் ஸயீத் பின் ஜுபைர் (ரஹ்) சொன்னதாகக் குர்ஆன் விளக்கமான தஃப்ஸீரில் இருக்கிறது. மரியாதையைக் கட்டளையாகப் போட்ட கையோடு, உன் நெஞ்சில் புகைவது எனக்குத் தெரியும் என்கிறான் அல்லாஹ். அப்படியிருக்க, கோபம் தீர்ந்த பிறகுதான் கையேந்த வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

கோபத்தோடேயே கேள். தொழுது ஸலாம் கொடுத்த பிறகு கையேந்தித் தமிழிலேயே கேள்: "யா அல்லாஹ், அத்தா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது உனக்குத் தெரியும். அவருக்கு ரஹ்மத் செய். என் நெஞ்சையும் ஆற்று." மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் போய் நடிக்காதே.

பழசெல்லாம் நினைப்பு வந்து ரத்தம் கொதிக்கிற நேரத்துக்கு வேறு இருக்கிறது. ரசூலுல்லாஹ் (ஸல்) முன்னால் இரண்டு பேர் ஏசிக்கொண்டார்கள், ஒருவருக்கு முகம் சிவந்து போயிற்று. அவர்கள் சொல்லச் சொன்னது "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்", விரட்டப்பட்ட ஷைத்தானைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறேன் என்பது. புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் கிதாபுகள் இரண்டிலும் வருகிறது. நின்றால் உட்கார், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நபித்தோழர் அபூதர் (ரலி) அதை அப்படியே செய்து காட்டியவர். தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு ஆள் வம்பு செய்தபோது, நின்றவர் உட்கார்ந்து, பிறகு அங்கேயே படுத்துவிட்டாராம்.

இப்ராஹீம் நபியையும் நினைத்துப் பார். மர்யம் சூராவில் "என் அத்தாவே" என்று நாலு தடவை கூப்பிடுகிறார். அந்த அத்தாவோ கல்லால் அடிப்பேன், என்னைவிட்டுப் போய்விடு என்கிறார். மகன் ஸலாம் சொல்கிறார், உங்களுக்காக என் ரப்பிடம் மன்னிப்புக் கேட்பேன் என்கிறார், விலகியும் போகிறார். கொள்கைக்காக நடந்த பிரிவு அது. நம் வீட்டுச் சண்டையை அதோடு சேர்க்க மாட்டேன். ஆனால் ஸலாம் சொல்லிவிட்டுத் தள்ளி இருக்கவும் வழி உண்டு என்று தெரிகிறதல்லவா?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கப்பித்தான் கிளிங் பள்ளியில் ஜும்ஆ முடிந்ததும் அத்தா உனக்கு வாட்ஸ்ஆப்பில் ஸலாம் அனுப்புகிறார். பதில் வராத போனை சாயங்காலம் வரை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அதைப் பாக்கி வைக்காதே. "வ அலைக்கும் ஸலாம்" போதும், மேலே ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பெருநாளைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வருவதென்றால் பட்டர்வொர்த் ரயிலுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு, கடைசி வாரத்தில் கிடைக்காது. ஃபெரியடிக்கு அத்தா வந்து நிற்பது உனக்குச் சங்கடம் என்றால் சொல், சின்னவனை அனுப்புகிறேன்.

வஸ்ஸலாம்,
அம்மா
பினாங்கு