அது பேரரசர் கொடுத்த பரிசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பழம்பொருள் கட்டுரையில், நட்சத்திரமும் செர்ரிப் பூவும் வரைந்த ஜப்பானிய சாக்கே (அரிசி மது) கிண்ணத்தின் படத்துக்குக் கீழே, ‘வீரத்துக்காகப் பேரரசர் அளித்த பரிசு’ என்று அச்சாகியிருந்தது. பதினைந்து ஆண்டுகளாக இக்கிண்ணங்களைத் தேடிச் சேர்த்துவரும் எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அரண்மனை கொடுத்த கிண்ணங்கள் வேறு. அவற்றில் பதினாறு இதழ்ச் சாமந்தி முத்திரை இருக்கும். நீங்கள் காட்டியது, சேவை முடித்து ஊர் திரும்பும் சிப்பாய் தன் கைக்காசில் செய்வித்தது. படைக்குப் போகும்போது மொய் கொடுத்து வழியனுப்பிய உறவுக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்றியாக அதைக் கொடுப்பார். நம் வீட்டு விசேஷத்தில் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறோமே, அதுபோல.

ஐந்து முனை நட்சத்திரம் தரைப்படை, நங்கூரம் கடற்படை. கதிர் விரிந்த சூரியக் கொடியின் மூன்று ஓரங்களில் ஊதாக் குஞ்சம் தொங்கினால் அது ரெஜிமென்ட் (படைப்பிரிவு) கொடி. ஆனால் படத்தைவிட எழுத்துதான் அதிகம் சொல்லும். ‘மன்கி’ என்றிருந்தால் சேவைக் காலம் நிறைந்தது என்று பொருள். ‘கைசென்’ என்றால் போரில் வென்று திரும்பியது.

இப்படிப்பட்ட கிண்ணத்தைத்தான் சில வியாபாரிகள் ‘காமிகாசே விமானி கடைசியாகக் குடித்தது’ என்று சொல்லி விலையேற்றுகிறார்கள். அந்தத் தற்கொலைத் தாக்குதல்கள் தொடங்கியதே 1944 அக்டோபரில். சேவை முடிந்தது என்று எழுதிய கிண்ணம், திரும்பி வராதவருடையதாக எப்படி இருக்கும்?

என்னிடம் உள்ள ஒன்றில் ‘காலாட்படை 41ஆம் ரெஜிமென்ட், மன்கி, தைஷோ 10’ என்றிருக்கிறது. பேரரசர் தைஷோ ஆட்சியின் பத்தாம் ஆண்டு, அதாவது 1921. ஃபுகுயாமா நகரத்துப் படை அது. இருபது ஆண்டு கழித்து அதே 41ஆம் ரெஜிமென்ட்தான் எங்கள் கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் சண்டையிட்டது. என் தாத்தா, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். கடையில் அந்த எண்ணைப் பார்த்ததும் கை கூசியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு குடும்பப் பெயர். 1921இல் உயிரோடு வீடு திரும்பி, அக்கம்பக்கத்தாருக்குக் கிண்ணம் கொடுத்த ஒருவருடைய பெயர். வாங்கி வந்தேன். அலமாரியில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வைக்க மட்டும் இன்றுவரை மனம் வரவில்லை.

வாசகர்கள் யாரிடமாவது இத்தகைய கிண்ணம் இருந்தால் நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். பொன்னெழுத்தும் வண்ணமும் மெருகுக்கு மேல் தீட்டியவை. தேய்த்தால் ரெஜிமென்ட் எண்ணே போய்விடும்.

அந்தப் பட விளக்கத்தை அடுத்த இதழில் திருத்துங்கள். முடிந்தால் கிண்ணத்தைக் கவிழ்த்து இன்னொரு படமும் எடுத்துப் போடுங்கள். பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கம்பார், பேராக்