முதற் கேள்விக்குக் கிடைக்கும் மறுமொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னி விவசாயிகள் பலர் இன்று வரம்பில் நின்றபடியே கைபேசியில் படமெடுத்து, முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் ஆலோசனை கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அக்குழுக்களில் புதியவர்கள் நடத்தப்படும் விதம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கடந்த காலபோகத்தில், தகப்பனின் வயலை முதன்முறையாகப் பொறுப்பேற்ற எங்கள் அயற்பிள்ளை ஒருத்தி, பயிர் வட்டம் வட்டமாகக் கருகுவதைப் படமெடுத்து, நானும் இருக்கும் ஒரு குழுவில் இட்டுக் காரணம் கேட்டிருந்தாள். "இதுகூடத் தெரியாமலோ வயல் செய்ய வந்தனீங்கள்?" என்று ஒருவரும், "நூறு தரம் சொல்லியாச்சு, தேடிப் பாருங்கோ" என்று இன்னொருவரும் எழுத, பலர் அதற்குச் சிரிப்புக்குறி இட்டிருந்தனர். மறுநாள் நான் காண்பதற்குள் அவள் குழுவைவிட்டே விலகிவிட்டாள். நேரில் போய் நெற்பயிரை விலக்கிப் பார்த்தபோது அடித்தண்டில் அறக்கொட்டி என்னும் சாறுறிஞ்சும் பூச்சி மொய்த்திருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் அது இலகுவில் படாது. எங்கள் வாய்க்கால் பாயும் வயல்களில் அதை முதலில் காட்டியது அவளுடைய படந்தான். சிரித்தவர்களில் இருவரின் வயல்களும் அதே வாய்க்காலில்தான் உள்ளன.

புதியவர்களை இப்படி விரட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு, எவரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியமான ஆங்கில விக்கிப்பீடியா ஓர் உதாரணம். அங்கே தீவிரமாகப் பங்களிப்போர் தொகை 2007 இல் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. நல்லெண்ணத்தோடு புதியவர்கள் செய்த முதல் திருத்தங்கள் கூடுதலாக நிராகரிக்கப்பட்டமை அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்ற வழிகாட்டல் அங்கே முன்பே இருந்தும் அந்நிலை ஏற்பட்டது. புதியவர்கள் தயங்காமற் கேட்பதற்கென 2012 இல் அங்கு 'தேநீரகம்' என்ற பெயரில் தனியாக ஒரு கேள்விப் பக்கம் திறக்கப்பட்டது.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்போது பழையவர்களுக்குச் சலிப்பு வருவது இயல்பே; நானும் அதை அனுபவித்தவன். அதற்காகத்தான், வழமையான நோய்களுக்கும் பூச்சிகளுக்கும் படத்துடன் கூடிய விடைகளை ஆயத்தமாக வைத்து, முதன்முறை கேட்பவருக்கு அன்றே அனுப்பும்படியும், ஏளனப் பதிவுகளை உடனே நீக்கும்படியும் குழு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களிடம், வயல் வேலை தெரியுமா என்று கேட்டுவிட்டா எங்கள் சனம் கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டது?

அந்தப் பிள்ளையை மீண்டும் குழுவில் சேருமாறு கேட்டேன். "சந்தேகம் வந்தால் உங்களிட்டையே வாறன் ஐயா" என்கிறாள். அவளுக்கு நான் சொல்லும் மறுமொழி அடுத்த வயற்காரருக்குப் போய்ச் சேர்வதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கிளிநொச்சி.