தறிவீட்டு ஆயாவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம், ஏற்காடு பக்கத்துப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பல வருஷத்துக்கு முன்னால் கலைந்துபோன எங்கள் கால்பந்துக் குழு மறுபடி கூடி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்துவிட்டது. நடக்குமா என்று முந்தின நாள் ராத்திரி வரைக்கும் எங்களுக்கே நிச்சயம் இல்லை. (சரி, 3-1 என்று தோற்றோம். அதைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.) குழு எதனால் கலைந்தது, இந்த முறை என்னென்ன தடை வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. மறுபடி கிளற வேண்டாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது, கால் இன்னும் வலிக்கிறது, அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

முதல் நன்றி, பந்தைக் காலால் தொட்டே பார்க்காத ஒருவருக்கு. மைதானத்தை ஒட்டிய தறிவீட்டு ஆயாவை எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பேரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. குழு கலைந்த சமயத்தில் கோல் வலை இரண்டையும் ஒரு தகரப் பெட்டியையும் அவர் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, “ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறோம் ஆயா” என்று சொல்லிப் போயிருக்கிறார்கள் அப்போதைய பையன்கள். அந்தப் பையன்களில் பாதிப் பேருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

வலைக்குப் பணம் எங்கே புரட்டுவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது பேரனிடம் சொல்லி அனுப்பினார். “உங்க சாமான் இங்க கிடக்குது, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க.” எலி கடித்துப் போட்ட நூல்குப்பைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனோம். வலை இரண்டையும் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்ததும் உள்ளே இருந்து காய்ந்த வேப்பிலை உதிர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும் இறக்கி, வாசலில் வெயில் காட்டி, உதறி, வேப்பிலை மாற்றி மடித்து வைப்பாராம்.

விரித்த பிறகுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலையில் அறுந்த கண்ணி ஒன்றுகூட இல்லை. வெள்ளை வலையில் அங்கங்கே அரக்கு, கிளிப்பச்சை, மஞ்சள் என்று முடிச்சுகள். தறியில் மிச்சம் விழும் நூலில் நாலைந்து இழை சேர்த்து முறுக்கி, எங்கெல்லாம் அறுந்திருந்ததோ அங்கெல்லாம் பிணைத்திருந்தார். காலமெல்லாம் பாவு பிணைத்த கை. ஒரு முடிச்சைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கடையில் போட்ட முடிச்சுதான் பக்கத்தில் நெகிழ்ந்தது.

நடுவில் பக்கத்து வீட்டில் அவரைப் பந்தலுக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டப் பணத்தோடே வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் தரவில்லை. ஏன் ஆயா என்று கேட்டால், “அடுத்தவங்க பொருளப்பா. கேட்டு வந்தா நான் என்ன பதில் சொல்றது?” அவ்வளவுதான். அவருக்குக் கால்பந்தின் மேல் உள்ளூரப் பாசம் என்று நான் கதை கட்டினால் அவரே சிரிப்பார். பந்து விழுந்து ஓடு உடைந்தபோதெல்லாம் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டியவர்தான். வாசலில் நூல் காய்ந்துகொண்டிருந்தால் திட்டு இன்னும் கொஞ்சம் நீளும்.

கொடுக்கும்போதும் சும்மா கொடுக்கவில்லை. பெட்டியைத் திறக்க வைத்து, விசில், காற்றடிக்கும் பம்பு, பச்சைச் சட்டைகள், பழைய வரவுசெலவு நோட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பேரனைச் சீட்டு எழுதச் சொல்லி, அதில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் விட்டார்.

அந்தப் பச்சைச் சட்டை பழைய ஆட்களுக்குத் தெரியும். புதுப் பையன்களுக்காகச் சொல்கிறேன். 1977 செப்டம்பர் 24 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் அந்த ஊர் மோகன் பகான் குழுவோடு ஆட அமெரிக்காவிலிருந்து நியூயார்க் காஸ்மோஸ் என்ற கால்பந்துக் குழு வந்தது. பெலேயும் வந்து ஆடினார். மழையில் ஊறிய கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, ஒரு பாதி காஸ்மோஸுக்கும் மறுபாதி தன் பழைய பிரேசில் குழுவான சான்டோஸுக்கும் ஆடிவிட்டு பெலே ஓய்வு பெற்றார். இதையெல்லாம் பேப்பரில் படித்திருந்த எங்கள் முதல் கேப்டன், குழு தொடங்கியபோது சட்டை பச்சையும் வெள்ளையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். காஸ்மோஸின் நிறம் அது.

பெலே, பெக்கன்பவர், கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்று காசைக் கொட்டி ஆள் சேர்த்த குழு காஸ்மோஸ். 1977ல் ஒரே ஆட்டத்துக்கு 77,000 பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் ஆடிய வட அமெரிக்க லீக்கில் 24 குழுக்கள் ஆடின. 1984 பருவத்தோடு லீக்கே படுத்துவிட்டது, மறுவருஷம் காஸ்மோஸும் மூடிவிட்டது. ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பரணிலிருந்து பெட்டி இறங்கிய அன்று எனக்கு ஞாபகம் வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

பெப்பே பின்டன் என்று ஒருவர், குழுவின் கடைசிக் கால நிர்வாகி. எல்லோரும் போன பிறகு பெயரும் கோப்பைகளும் அவரிடம்தான் இருந்தன. காஸ்மோஸ் என்ற பேரிலேயே நியூஜெர்சியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்திவந்தார். பேரைக் கேட்டு வந்தவர்களுக்கு லேசில் கொடுத்துவிடவில்லை. 2009ல்தான் விற்றார். மறுவருஷம் பெலேயே முன்னால் நின்று, குழு திரும்பி வருவதாக அறிவித்தார். 2013ல் புது லீக் ஒன்றில் களம் இறங்கிய காஸ்மோஸ் அந்த வருஷமே இறுதி ஆட்டத்தில் அட்லாண்டாவை 1-0 என்று ஜெயித்தது. கோல் போட்ட மார்க்கோஸ் சென்னாவைக் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கால் நூற்றாண்டு பேரைக் காத்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்? பின்டன் விலைக்குத்தான் கொடுத்தார், அதில் தப்பே இல்லை. எங்கள் ஆயாவோ ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பித்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.

காஸ்மோஸ் கதை அந்த 2013 கோப்பையோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2015லும் 2016லும் மறுபடி ஜெயித்தார்கள். கோப்பை வாங்கிய ஈரம் காய்வதற்குள் மூடுகிற நிலை வந்து, 2017 ஜனவரியில் ரோக்கோ கொமிசோ என்ற தொழிலதிபர் வாங்கியதால் தப்பித்தது. 2018ல் அவர்கள் ஆடிய லீக்கே நடக்கவில்லை. 2021ல் மறுபடி நிறுத்தம். 2025ல் மறுபடி அறிவிப்பு: 2026 முதல் நியூஜெர்சி பேட்டர்சன் நகரில், 1932ல் கட்டிய ஹிஞ்ச்லிஃப் மைதானத்தில் ஆடுவோம் என்று. பெலேயை வைத்திருந்த குழுவுக்கே இந்தப் பாடு. ஆட ஒரு லீக் வேண்டும், சொந்தமென்று சொல்ல ஒரு மைதானம் வேண்டும், மாசச் செலவுக்குப் பணம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட நம் கையில் முழுசாக இல்லை. ‘மீண்டு வந்த சிங்கங்கள்’ என்று பேனர் அடிக்கக் கிளம்பிய பையன்களை அதனால்தான் தடுத்தேன். கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. அடுத்த வருஷமும் இதே தேதியில் ஆடினால் நானே அடித்துத் தருகிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், குறைவாக நினைத்து அல்ல. துருப்பிடித்த கோல் கம்பத்துக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்து, கூலி கேட்காத பட்டறை அண்ணன். சட்டைகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாக நம்பர் தைத்துத் தந்த செவ்வாய்ப்பேட்டை தையல்காரர். ஆள் குறைந்தபோது முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து எங்கள் பக்கம் ஆடிய ஏற்காடு காப்பித் தோட்டத்துத் தம்பிகள் (நமக்குக் கிடைத்த ஒரே கோலும் அவர்கள் போட்டதுதான்). விசில் ஊதிய பி.டி. மாஸ்டர். பந்தைக் கடனாகக் கொடுத்த கடைக்காரர். இடைவேளையில் இரண்டு பக்கத்துக்கும் தட்டுவடை செட் போட்டுக் கொடுத்த தள்ளுவண்டி அக்கா. மைதானத்தில் முள் பொறுக்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். பேர் விட்டுப்போனவர்கள் நேரில் பிடித்துச் சண்டை போடலாம், வாங்கிக்கொள்கிறோம்.

இனிமேல் குழுச் சாமான் எல்லாவற்றுக்கும் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று என்னிடம், ஒன்று ஆடாத ஒருவர் வீட்டில். யார் பொறுப்பில் எது இருக்கிறது என்று மாசம் ஒருமுறை எழுதி வைப்போம். ஆயா வீட்டில் உடைத்த ஓடுகளுக்குக் கணக்குப் பார்த்து மாற்றித் தரப்போகிறோம், மழைக்கு முன்னால். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறோம். “உங்க அவசரத்துக்கு முடிச்சு நிக்காது” என்றார். அப்புறம், தறி ஓட்டி முடித்த பிறகு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு பேரை மட்டும் வரச் சொன்னார். கூட்டமாக வந்தால் வாசலுக்கே விடமாட்டாராம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய குழுப் போட்டோ, கோப்பை, கொடி, போட்டி நோட்டீஸ் எதுவாவது உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ இருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். வந்து எடுத்துக்கொள்கிறோம், சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறோம்.

நன்றியுடன்,
குழுச் செயலாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்