எங்கள் படத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் படம் சென்சாரில் 'யு' சான்றிதழ் வாங்கி, போன வாரம் ராஜா அண்ணாமலைபுரம் டாகூர் ஃபிலிம் சென்டரில் முதல் திரையிடலையும் முடித்துவிட்டது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது பாதிப் பேர் எழுந்து கிளம்பிவிட்டார்கள். உதவியவர்களில் பலர் பெயரே போட வேண்டாம் என்று சொன்னவர்கள். அவர்களுக்காக இந்த மடல்.

கதை சின்னது. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில், பெட்டிக்குள் இருக்கை எல்லாம் பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்த கணவர் இறந்துபோக, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அயனாவரத்தில் ஒண்டுக்குடித்தனத்துக்கு வருகிறாள். தையல் கற்றுக்கொள்கிறாள். சண்டை, பாட்டு எதுவும் கிடையாது. இந்தக் கதையைக் கேட்டு, "சரி, எடுங்க" என்று பணம் போட்ட நண்பர்களுக்கு முதல் வணக்கம்.

தையல்கடை அக்காவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கதாநாயகி நாடக மேடையிலிருந்து வந்தவர், மிஷின் மிதித்துப் பழக்கமில்லை. படப்பிடிப்புக்கு முன்பே அவரை அக்கா கடையில் உட்கார வைத்தோம். புதிதாக வருகிறவர் கையில் யாரும் ப்ளவுஸ் துணியைத் தர மாட்டார்கள் என்றார் அக்கா. முதலில் ஹெம்மிங், கொக்கி. அப்புறம் புடவைக்கு ஃபால்ஸ். கட்டிங் எல்லாம் ரொம்பத் தள்ளி. அந்த வரிசையிலேயே திரைக்கதையை எழுதினோம். அதனால் படத்தில் அவள் கத்தரிக்கோலைத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தொட்டபோது அரங்கில் கேட்ட கைதட்டல் அக்காவுக்குச் சேர வேண்டியது. மிஷினுக்கு அடியில் இருக்கும் பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழம் ஓட்டிவிட்டு, துணியைத் தூக்கினால் வெறும் ஊசி ஓட்டைகள். அதுவும் கடையில் நிஜமாக நடந்ததுதான். அக்கா திட்டவில்லை, டீ வாங்கித் தந்தார். படத்திலும் அப்படியே வைத்திருக்கிறோம்.

ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அய்யாக்கள் மாலை மாலையாக எங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 1955இல் தொடங்கிய தொழிற்சாலை, அப்பாவும் மகனும் அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள். "காலி பண்ற அன்னிக்கு நாம மாட்டின ஃபேனைக் கழட்டறதுதாம்பா கஷ்டம்" என்றார் ஒருவர். குவார்ட்டர்ஸை விட்டு அவள் வெளியேறும் காட்சியில் வசனமே இல்லை. ஃபேனைக் கழற்றுகிறாள், கூரையில் கொக்கி மட்டும் தெரிகிறது. அது அவர் கொடுத்த காட்சி.

அடுத்து, படப்பிடிப்பு நடந்த தெருக்காரர்கள். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் வசனத்தை டப்பிங்கில் பேசி ஒட்டுவார்கள். நாங்கள் ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்தோம். எங்கள் தம்பி தெருமுனையிலிருந்து கையைத் தூக்கினால் மிக்ஸி, மோட்டார், டிவி எல்லாம் நிற்கும். சமையல் நேரத்தில் ஒரு வீட்டில் மிக்ஸியை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். மெட்ரோ வாட்டர் லாரி வந்த அன்றைக்குக் கூட, ஷாட் முடியட்டும் என்று குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். லாரி டிரைவர் அண்ணனும் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தனியாகச் சாப்பிடுகிற காட்சியில் தட்டில் விரல் படுகிற சத்தம்கூடக் கேட்கிறது என்றால் இவர்கள்தான் காரணம். ரயில் சத்தத்தை யாராலும் நிறுத்த முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டோம், அவள் வீட்டில் அது இருக்க வேண்டியதுதான்.

சாலிகிராமத்தில் இரவு நேரத்தில் எடிட்டிங் அறையைத் தந்த நண்பருக்கும், பாக்கி கேட்காமல் சாப்பாடு அனுப்பிய மெஸ்காரருக்கும், வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மோகோல் பிடித்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

படத்தை உங்கள் தெருவிலேயே திரை கட்டிப் போடப் போகிறோம். தேதி முடிவானதும் அக்கா கடை வாசலில் எழுதி ஒட்டுகிறோம். நாற்காலி எங்கள் பொறுப்பு. எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

அன்புடன்,
இயக்குநரும் படக்குழுவும்