வட்டி அசலாகும் நாள்

குலசேகரம்

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. இங்கே விடாத மழை, ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்விட்டது. ஆனால் பதில் தாமதமானதற்குக் காரணம் அதில்லை. அக்கா மகனின் கடன் விஷயமாக அலைச்சல். அதைச் சொன்னால், தபால் ஆபீஸில் போட்ட பணம் ஏன் வளரவில்லை என்று நீ கேட்டிருந்ததற்கும் பாதி பதில் வந்துவிடும்.

ஆறு வருடத்துக்கு முன் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் வாங்க ஊரில் ஒருவரிடம் 1 லட்சம் வாங்கினான். நூற்றுக்கு ரெண்டு வட்டி, கடனுக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தான். மாதம் 2,000 ரூபாய். ரப்பர் விலை இறங்கியதும் வட்டி கட்டவில்லை. 3 வருடம் ஆனால் நோட்டு காலாவதி ஆகிவிடும், அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது அல்லவா? அதற்கு முன்னால் அவர் வந்து, "வட்டியையும் சேர்த்துப் புது நோட்டு எழுதிவிடுவோம்" என்றிருக்கிறார். பணத்தைக் கேட்கவில்லையே என்ற நிம்மதியில் இவனும் 1,72,000-க்குக் கையெழுத்து போட்டுவிட்டான்.

அன்றைக்கு 72,000 ரூபாய் வட்டி அசலாகிவிட்டது மக்கா. வட்டி அதே ரெண்டுதான், ஆனால் மாதம் 3,440 ரூபாய். இப்போது அடுத்த 3 வருடமும் முடிகிற தறுவாயில் 2,95,840-இல் நிற்கிறது. வட்டிக்கு வட்டி இல்லாமல் தனிவட்டியாகவே ஓடியிருந்தால் 2,44,000. ஒரே ஒரு கையெழுத்துக்கு 51,840 ரூபாய்! வருடா வருடம் புதுக்கியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

காலாவதிதான் பயம் என்றால், வட்டியில் கொஞ்சம் கொடுத்து, அந்த வரவை நோட்டின் பின்புறம் எழுதித் தேதியோடு கையெழுத்து போட்டிருக்கலாம். அன்றிலிருந்து மறுபடி 3 வருடம் கிடைத்திருக்கும், அசலும் 1 லட்சமாகவே இருந்திருக்கும். அவனுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே என்று எனக்கு மனசு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டும் படித்தவன்தான். படித்த கணக்குதான் இந்த நோட்டில் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இனி உன் விஷயம். தபால் ஆபீஸில் மாத வருமானத் திட்டத்தில் போட்ட பணம் ஏன் வளரவில்லை என்று கேட்டிருந்தாய். அங்கே வட்டி மாதாமாதம் உன் கைக்கு வந்துவிடுகிறது, அசலோடு சேர்வதில்லை. 5 வருடம் கழித்தும் நீ போட்டதுதான் இருக்கும். அரிசிக்கும் மருந்துக்கும் அந்த வட்டி வேண்டும் என்றால் அதுவே சரி, மாற்றாதே. மாதாமாதம் அதில் கொஞ்சம் மிஞ்சும் என்றால் அந்த மிச்சத்தை அங்கேயே ஆர்.டி.யில், அதாவது மாதம் தவறாமல் ஒரே தொகை கட்டும் சேமிப்பில், போட்டு வா. அதில் 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். பேத்திக்கென்று தனியாக வைத்திருக்கும் தொகையைத் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் போடு. அதில் வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்து, 5 வருட முடிவில் மொத்தமாகக் கிடைக்கும். வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 வருடத்தில் தனிவட்டியில் 3 லட்சம், கூட்டுவட்டியில் 6,72,750. முதல் மூன்று வருடத்தில் வித்தியாசம் வெறும் 3,100 ரூபாய்தான். அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சனிக்கிழமை அக்கா மகனோடு கடன் கொடுத்தவரைப் பார்க்கப் போகிறேன். 51,840-ஐ விட்டுக்கொடுக்கக் கேட்கப் போகிறோம். ஞாயிறு தக்கலை வருவேன், பாஸ்புக்கை எடுத்து வை.

உன் பழைய
பெஞ்சுக்காரன்